கழிவு எண்ணெய்க்கும் கணக்கு உண்டு

கடை நடத்துகிறவர்களாகிய நாம் கணக்குக்குப் பெயர் போனவர்கள். உள்ளே வருகிற சரக்குக்கு ஒரு கணக்கு, கல்லாவில் விழுகிற காசுக்கு ஒரு கணக்கு, கடன் சொல்லிப் போகிறவருக்கு ஒரு கணக்கு என்று வகை வகையாக எழுதி வைக்கிறோம். ஆனால் பின்வாசல் வழியாக வெளியே போகிறதே, அதற்கு நம்மில் எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறோம்? காலி டின், கிழிந்த சாக்கு, அழுகிய தக்காளி, பொரித்துப் பொரித்துக் கறுத்துப் போன எண்ணெய், இவையெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று நாம் கேட்பதில்லை. தொலைந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

நம் கையை விட்டுப் போன பொருளுக்கு நாம் பொறுப்பாளியா? கழிவு என்று தள்ளிய பிறகும் அதில் நியாயம், அநியாயம் என்று ஒன்று உண்டா? இந்தக் கேள்வியை நான் கிதாபில் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும்தான் என் கல்வி. கிள்ளானில் எனக்கு ஒரு மளிகைக் கடை. கடையோரத்தில் வடை, பஜ்ஜி, கோழி பொரிக்கும் ஓர் அடுப்பு. அந்த அடுப்படிக்குப் பின்னால் நிற்கும் ஒரு நீல நிறப் பீப்பாய்தான் எனக்கு இந்தக் கேள்வியைக் கற்றுக் கொடுத்தது. நம் சங்கத்துச் சகோதரர்களில் பாதிப் பேர் கடையிலாவது அப்படியொரு பீப்பாய் நிற்கும். ஆகவேதான் இதை எழுதத் துணிந்தேன்.

கடலை எண்ணெயில் ஓடிய இயந்திரம்

என் அத்தா காலத்தில் பொரித்த எண்ணெய்க்கு மதிப்பே கிடையாது. இரவு கடை மூடும் போது பையன் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவான். மறுநாள் சாக்கடை அடைத்துக் கொள்ளும். கொழுப்பு கல்லாய் உறைந்து கிடக்கும். மாநகராட்சி ஆள் வந்து சத்தம் போடுவார். அத்தா ஒரு தே தாரிக் கொடுத்து அனுப்பி வைப்பார். அத்துடன் விஷயம் முடிந்தது.

அந்த எண்ணெயில் வண்டி ஓடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அத்தா சிரித்திருப்பார். ஆனால் அது புதிய சங்கதியே அல்ல. டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் என்பவர் 1858ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1900ஆம் ஆண்டில் அதே பாரிஸ் நகரில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே வைக்கப்பட்ட டீசல் இயந்திரங்களில் ஒன்று, பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக் கொண்டதற்கு இணங்க, கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. அங்கேயே விளைவதைக் கொண்டு அங்கேயே இயந்திரம் ஓட்டலாமே என்பது அவர்களின் யோசனை. நம் ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயும், இன்று சாலையில் புகைவிட்டுப் போகிற லோரியும் ஆதியில் உறவுக்காரர்கள் என்று இதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது.

பிறகு ஏன் மண்ணெண்ணெய் வம்சத்து டீசல் வந்து இடத்தைப் பிடித்துக் கொண்டது? விலைதான் காரணம். பூமியிலிருந்து இறைத்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. இயந்திரங்களும் அந்த மெல்லிய எண்ணெய்க்கு ஏற்றபடியே செய்யப்பட்டன. தாவர எண்ணெய் சமையலறைக்குத் திரும்பிப் போனது.

நம் மலேசியாவில் இந்த உறவு மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது செம்பனையால். 1980களிலேயே செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் பனை எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் சோதனையில் இறங்கியது. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அப்போது பிரதமராயிருந்த அப்துல்லா அகமது படாவி, சுத்தம் செய்த பனை எண்ணெயை நூற்றுக்கு 5 பங்கு டீசலில் அப்படியே கலந்த ஓர் எரிபொருளை அறிமுகம் செய்து வைத்தார். ஆனால் இயந்திரம் செய்கிறவர்கள் அதை ஏற்கவில்லை. எண்ணெயை எண்ணெயாகவே ஊற்றாதீர்கள், அதன் தன்மையை மாற்றிக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதன்படி தன்மை மாற்றிய பனை டீசலை 5 பங்கு கலப்பது 2011ஆம் ஆண்டு நம் மத்திய வட்டாரத்தில்தான் தொடங்கியது. 2014இல் அது 7 பங்காகவும், 2019இல் வாகனங்களுக்கு 10 பங்காகவும் உயர்ந்தது. ஆகவே, டீசல் வண்டி வைத்திருப்பவர் எவராயினும், அறிந்தோ அறியாமலோ, கொஞ்சம் பனை எண்ணெயில்தான் வண்டி ஓட்டுகிறார்.

நான் பட்ட பாடு

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதியை வண்டிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. என்னிடம் சரக்கு எடுக்க ஒரு பழைய ஜப்பான் டீசல் வேன் உண்டு. வாரத்தில் நான்கு நாள் கோலாலம்பூருக்குப் போய்வரும். செலவு கையைக் கடித்தது.

அந்த நேரத்தில் என் மச்சான் வந்தார். "பீப்பாய் நிறைய எண்ணெயை வைத்துக் கொண்டு பங்க்கில் போய்க் காசைக் கொட்டுகிறீர்களே மச்சான்! வெளிநாட்டில் பொரித்த எண்ணெயிலேயே காரோட்டுகிறார்கள்" என்றார். எனக்கும் ஆசை பிறந்தது. எண்ணெயை நான்கு நாள் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் இறுத்து, துணியில் இருமுறை வடிகட்டி, டீசலில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். வண்டி ஓடியது! பின்னால் போனவர்களுக்கு வடை வாசனை வந்ததாகப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டாம் என்று தள்ளிய பொருளைக் காசாக்கிவிட்டேன் அல்லவா?

பெருமை ஆறு வாரம் நீடித்தது. ஒருநாள் விடியற்காலை, மழை விட்ட குளிரில், கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா அருகே வேன் இருமியது, வெண்புகை கக்கியது, நடுத்தடத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரப் பையன் சறுக்கி விழாமல் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. அந்தப் பையனின் முகத்தில் தெரிந்த திகிலை நான் இன்னும் மறக்கவில்லை.

மெக்கானிக் தவுக்கே வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெழுகு போல் படிந்திருந்தது. அவர் சொன்ன பாடம் இதுதான். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. ஊசித்துளை வழியாகப் புகைபோல் தெறிக்க வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிறது. விழுந்தது முழுதாக எரியாமல் துளையின் வாயில் கரியாகப் பிடிக்கிறது. மீதி கீழே இறங்கி இயந்திர எண்ணெயில் கலந்து, நாளடைவில் அதை வெல்லப்பாகு போல் ஆக்கிவிடுகிறது. பொரித்த எண்ணெயில் தண்ணீரும், புளிப்பும், கண்ணுக்குத் தெரியாத மாவுத்தூளும் வேறு சேர்ந்திருக்கும்.

இதற்கு முறையான வழி இரண்டு உண்டு. ஒன்று, வண்டிக்கு இரண்டு தொட்டி வைப்பது. டீசலில் இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும், அந்தச் சூட்டிலேயே 70, 80 பாகை வரை காய்ச்சிய எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடியும் டீசலுக்கு வர வேண்டும். பழைய மாதிரி இயந்திரம் இதைத் தாங்கும். இன்றைய நுட்பமான இயந்திரங்கள் தாங்குவது அரிது. மற்றது, எண்ணெயின் தன்மையையே மாற்றுவது. நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இருபது லிட்டர் மெத்தனால் என்ற சாராயமும் சிறிதளவு சோடாக் காரமும் சேர்த்தால், கனத்த கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே டீசலைப் போன்ற மெல்லிய திரவம் தெளிந்து நிற்கும். ஆனால் மெத்தனால் கண்ணைக் குருடாக்கும் விஷம். அது பற்றினால் பகலில் சுவாலைகூடத் தெரியாது. கடைப் பின்கட்டில் செய்கிற காரியமல்ல அது. தொழிற்சாலைக்காரன் வேலை.

ஊசித்துளைகளை மாற்ற ஆன செலவு, ஆறு வாரத்தில் மிச்சப்படுத்தியதைப் போல் மூன்று மடங்கு. காசு போனது பெரிதல்ல. என் சிக்கனத்துக்கு யாரோ பெற்ற பிள்ளை நடுரோட்டில் விலை கொடுக்கப் பார்த்தானே, அது பெரிது. தன் பொருளைத் தான் இஷ்டம்போல் பயன்படுத்தலாம் என்பது சரிதான். ஆனால் பொதுச் சாலையில் இறங்கிய பிறகு அது என் பொருள் மட்டுமல்ல.

ஒரே விலைக்கு இரண்டு முகம்

அதன் பிறகு மற்றவர்களைப் போல நானும் பொரித்த எண்ணெயை வாங்குகிறவருக்குப் போடத் தொடங்கினேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன்.

பொரித்த எண்ணெய்க்கு விலை இல்லாத காலத்தில், புது எண்ணெய் மாற்றுவது நமக்கு நஷ்டம். ஆகவே கறுத்து, நுரைத்து, கண் எரிகிற அளவுக்குப் புகைகிற வரை அதே எண்ணெயில் பொரித்துக் கொண்டிருந்தோம். தின்றவர்களின் நெஞ்சும் குடலும் பட்ட பாட்டை யார் கணக்கெடுத்தார்? இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சியதால் எண்ணெயில் உண்டாகும் கெட்ட கூறுகள் நூற்றுக்கு 25க்கு மேல் போனால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. அவ்வாண்டிலேயே, அப்படிக் கழித்த எண்ணெயைத் திரட்டி டீசல் ஆக்கும் திட்டத்தையும் தொடங்கியது. அதன் கருத்து தெளிவானது. கழித்ததற்கு ஒரு விலை கிடைத்தால் கடைக்காரன் காலத்தோடு கழிப்பான். என் அடுப்பிலும் அதுவே நடந்தது. பீப்பாய்க்குக் காசு வரத் தொடங்கியதும் என் சமையல்காரர் இரண்டு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினார். வடை பொன்னிறமாயிற்று. விலை நம்மை நல்லவர்களாக்கியது.

ஆனால் அந்த விலை மேலும் ஏறியபோது அதன் மறுமுகம் தெரிந்தது.

ஓர் இரவு பதினோரு மணிக்குமேல், எண்ணெய் எடுக்க வருகிற ஆள் பீப்பாயை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "பாய், உங்களுக்கு மானியப் பொட்டலம் எவ்வளவு வருகிறது?" என்று கேட்டார். ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற அந்தப் பொட்டல எண்ணெயை நாம் எல்லோரும் அறிவோம். அரசாங்கம் பொதுப்பணத்தில் ஈடுகட்டி, சாமானிய மக்களின் வீட்டு அடுப்புக்கென்று அனுப்புகிற எண்ணெய். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொட்டலத்தைக் கிழித்து இந்தப் பீப்பாயில் ஊற்றிவிடுங்கள். நான் கிலோ 3 வெள்ளி 20 காசுக்கு எடுத்துக் கொள்கிறேன். இது கழிவோடு கழிவாகப் போய்விடும். யாருக்குத் தெரியப் போகிறது?"

நூறு பொட்டலம் 250 வெள்ளி. ஊற்றிக் கொடுத்தால் 320 வெள்ளி. அடுப்பு எரிக்க வேண்டாம், ஆள் கூலி வேண்டாம், கடன் சொல்கிறவரிடம் நடக்க வேண்டாம். கத்தரிக்கோல் ஒன்று இருந்தால் போதும், 70 வெள்ளி லாபம்.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொன்னது மட்டுமல்ல, மறுநாள் வந்த சரக்கில் இரண்டு பெட்டியை எடுத்துப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அன்று பகல், நெடுநாளாக நம் கடைக்கு வருகிற ஒரு மூதாட்டி வந்தார். பேரப்பிள்ளைகளை வைத்து வளர்க்கிறவர். "பாய், மினியாக் பொட்டலம் இருக்கிறதா?" என்றார். "முடிந்துவிட்டது" என்று சொன்னேன். அவர் அலமாரியில் இருந்த போத்தல் எண்ணெயின் விலைச்சீட்டைக் குனிந்து படித்தார். கைப்பையைத் திறந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார்.

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. அவர் நம்பியதும் என் கடையின் மூலதனத்தில் ஒரு பகுதி. அதை நான் 70 வெள்ளிக்கு விற்கப் பார்த்தேன். அஸர் தொழுகைக்கு நின்றபோது மனம் தக்பீரில் நிற்கவில்லை, பின்கட்டுச் சாக்கில் போய் நின்றது. வந்து பெட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். இரண்டு பொட்டலத்தை அந்த மூதாட்டிக்கென்று தனியே வைத்தேன். அவர் ஒரு மாதம் வரை கடைப்பக்கம் வரவில்லை.

நல்லதைக் கெட்டதென்று விற்பது மோசடியா?

இந்தக் கதையைச் சில நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "கெட்டதை நல்லதென்று விற்றால் மோசடி. நீ நல்ல எண்ணெயைக் கெட்ட எண்ணெயென்று விற்கப் போனாய். வாங்குகிறவனுக்கு அதிலே என்ன நஷ்டம்? அவன் லாபமல்லவா அடைகிறான்?" என்றார்.

கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்த செய்தி நமக்கெல்லாம் பாடம். அங்கே ஈரத்தை உலர்ந்தது மறைத்தது. இங்கே கெட்டது நல்லதை மறைக்கிறது. இரண்டும் ஒன்றாகுமா?

ஆகும் என்றே நான் நினைக்கிறேன். எப்படியெனில், இந்தப் பீப்பாய்க்கு ஏன் இவ்வளவு விலை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள், வாகன எரிபொருளில் ஒரு பங்கு மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தன. புதிய எண்ணெயையே எரித்தால், அதற்காகக் காட்டை அழித்துத் தோட்டம் போடுவார்கள், உணவுப் பொருளின் விலையும் ஏறும். ஆகவே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில், கழிவிலிருந்து செய்த எரிபொருளை ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கில் வைக்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். இதனால்தான் கிள்ளான் சந்தில் கிடந்த கறுப்பு எண்ணெய்க்குக் கப்பலேறும் யோகம் வந்தது. இப்போது விமானத்துக்கும் கழிவு எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்கிறார்கள்.

வாங்குகிறவர் அந்தக் கூடுதல் விலையை எண்ணெய்க்காகக் கொடுக்கவில்லை. அது ஒருமுறை மனிதனுக்கு உணவு சமைத்து முடித்தது, இனி வேறு உபயோகம் அற்றது என்ற உண்மைக்காகக் கொடுக்கிறார். பீப்பாயில் விற்பனையாவது எண்ணெய் பாதி, அதன் பூர்வீகம் பாதி. புது எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் உண்மை, பூர்வீகம் பொய். விற்கிற பொருளின் பாதியே பொய்யாகிவிட்ட பிறகு மோசடி இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஐரோப்பாவில் போக்குவரத்தையும் சுற்றுச்சூழலையும் ஆராயும் ஓர் அமைப்பு 2024ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மலேசியாவில் திரட்டப்படுவதாக மதிப்பிடப்படும் கழிவு எண்ணெயைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இங்கிருந்து ஏற்றுமதியாகிறது என்று அது கூறியது. மற்ற நாடுகளிலிருந்து வந்து இங்கிருந்து திரும்பப் போவதும் அதில் சேர்ந்திருக்கலாம். ஆனாலும், பொரிக்காத எண்ணெய் எவ்வளவு பொரித்த எண்ணெயாக வேஷம் போட்டுப் போகிறதோ என்று கேட்கிறவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? ஒரு நாட்டின் வியாபாரிகள்மீது விழுகிற சந்தேகம், சந்தில் ஒரு பொட்டலத்தைக் கிழிக்கிற கத்தரிக்கோலில்தான் தொடங்குகிறது.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டார் நண்பர். வாங்குகிறவருக்கு மட்டுமே நஷ்டம் வரும் என்று யார் சொன்னது? அந்த மூதாட்டியின் வாணலிக்கு நஷ்டம். பொட்டலத்துக்கு ஈடுகட்டிய பொதுப்பணத்துக்கு நஷ்டம். கழிவென்று நம்பி எரிக்கப்படும் ஒவ்வொரு டின் புது எண்ணெய்க்கும் எங்கோ ஒரு காட்டு மரத்துக்கு நஷ்டம். நஷ்டப்படுகிறவர் நம் கண்முன் வந்து நிற்காததால் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது.

சொல்லி விற்பது

"நான் பீப்பாயைக் கொடுத்தேன், காசை வாங்கினேன். அவர் அதை டீசல் ஆக்கினாலென்ன, தெளியவைத்து மறுபடி சாப்பாட்டுக்கடைக்கு விற்றாலென்ன? அது அவர் பாவம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் சீன நாட்டில், சாக்கடையிலும் எச்சில் தொட்டியிலும் வழித்த எண்ணெயைச் சுத்தம் செய்து சமையல் எண்ணெயாக விற்ற பெரிய கூட்டத்தைப் போலீசார் பிடித்தபோது உலகமே முகம் சுளித்தது. அந்த எண்ணெயும் ஏதோ ஒரு கடையின் பின்வாசலிலிருந்துதானே புறப்பட்டிருக்கும்?

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் வெகு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் எலி விழுந்த நெய்யின் சட்டம் படித்தபோது நாங்கள் சிரித்திருக்கிறோம். இன்று அதன் அருமை புரிகிறது. நஜீஸ் விழுந்து கெட்டுப்போன எண்ணெயை உண்ணலாகாது. ஆனால் வீணே கொட்டவும் வேண்டியதில்லை, விளக்கெரிக்கலாம், பள்ளிவாசலில் மட்டும் கூடாது என்று ஷாஃபி மத்ஹபின் கிதாபுகளில் வருகிறது. எனினும் அதை விலைக்கு விற்பது செல்லாது என்பதே அவர்களின் வலுவான கூற்று. ஹனஃபி மத்ஹபில் விற்க இடம் உண்டு. ஆனால் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

நம் அடுப்பில் ஹலாலானதைப் பொரித்த எண்ணெய் பழையதே தவிர நஜீஸ் அல்ல. பல கடை எண்ணெயும் பன்றிக் கொழுப்பும் சேருகிற இடத்து வியாபாரம் வேறு. அதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. நான் பத்வா கொடுக்க வந்தவனல்லன். நான் எடுத்துக் கொண்ட படிப்பினை வேறு. விளக்கிலே எரிந்து போகப் போகிற எண்ணெய்தானே, அதற்கு என்ன சட்டம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. எதற்குப் பயன்படும், எங்கே பயன்படக் கூடாது, விற்றால் என்ன சொல்லி விற்க வேண்டும் என்று மூன்றையும் கேட்டார்கள். அன்று விளக்கு, இன்று இயந்திரம். கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

எரிபொருளாகப் போவதை நாம் அறிந்து கொடுத்தால் அது பயனுள்ள வியாபாரம். மறுபடி மனித வயிற்றுக்குப் போகும் என்று சந்தேகிக்க இடமிருந்தும் கண்ணை மூடிக் கொடுத்தால், கண்ணை மூடியதே நம் பங்கு. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து கேட்காமலிருப்பதை அறியாமை என்று சொல்லலாகாது. எல்லாவற்றுக்கும் கடைசி வரை துரத்திக்கொண்டு போக நம்மால் முடியாது, உண்மைதான். எண்ணெய் துறைமுகம் தாண்டிப் போனபின் அதை நான் எப்படிக் காவல் காப்பேன்? ஆனால் என் பீப்பாயில் என்ன இருக்கிறது என்பதும், அதை யார் கையில் கொடுக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். மனிதன் எட்டுகிற தூரம் வரைக்குமே பொறுப்பாளி. ஆனால் எட்டுகிற தூரத்தைத் தானே குறுக்கிக் கொள்ள அவனுக்கு உரிமை இல்லை.

இப்போது என் கடையில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். பெரிய காரியமல்ல, யாரும் செய்யலாம். எண்ணெய் நுரைத்தாலோ, தேன் நிறம் தாண்டிக் கறுத்தாலோ அன்றே கழித்துவிட வேண்டும் என்று சமையல்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். கழித்த பீப்பாயைப் பூட்டி வைக்கிறேன். உரிமம் காட்டி, நிறுத்து, ரசீது எழுதிக் கொடுக்கிறவருக்கே போடுகிறேன். அந்த இரவு வந்த ஆளைவிட இவர் விலை கொஞ்சம் குறைவு. ஆனால் இரவு பதினோரு மணிக்குமேல் வருவதில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பின்வாசலுக்கென்று ஒதுக்கி, வாங்கிய எண்ணெய் எத்தனை கிலோ, கழித்தது எத்தனை கிலோ என்று எழுதுகிறேன். வாங்கியதைவிடக் கழித்தது அதிகம் வந்தால் அந்தப் பக்கமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். வருகிற காசில் ஒரு பங்கை, கொதிக்கிற எண்ணெயை இறக்கி வடிகட்டுகிற அடுப்படித் தம்பிகளுக்குக் கொடுக்கிறேன். கை சுடுவது அவர்களுக்குத்தானே?

வேனுக்குப் பங்க்கில் டீசல் அடிக்கிறேன். செலவு இன்னும் கையைக் கடிக்கத்தான் செய்கிறது.

அந்த மூதாட்டி ஒரு மாதத்துக்குப் பின் வந்தார். மகள் வீட்டில் இருந்தாராம். தனியே வைத்திருந்த இரண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். "அன்றைக்கு இருந்தது. நான்தான் இல்லையென்று சொல்லிவிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். சொல்லவில்லை. ஐந்து வெள்ளியை நீட்டினார், வாங்கிக் கல்லாவில் போட்டேன். எண்ணெயின் கணக்கு நேராகிவிட்டது. சொல்லாமல் விட்ட வார்த்தையின் கணக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அவர் வரும்போது பின்னால் ஆள் நின்றாலும் சொல்லிவிட வேண்டும்.

சகோதரர்களே! உங்கள் கடையிலும் ஒரு பின்வாசல் இருக்கும். இன்றிரவு கடை மூடும்போது ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். எல்லாக் கணக்கையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.